அதிர்வை அடக்கிய லாஞ்செஸ்டர்

நிலையத்தில் நிற்கும் பேருந்து ஒன்றில் நாம் அமர்ந்திருக்கிறோம். ஓட்டுநர் எஞ்சினை இயக்குகிறார். வண்டி இன்னும் ஓர் அடியும் நகரவில்லை. ஆயினும், சன்னற் கண்ணாடிகள் கலகலக்கின்றன. இருக்கைக் கம்பியைப் பற்றிய கையில் ஒரு நடுக்கம் ஏறுகிறது. எதிரே அமர்ந்திருப்பவர் மடியில் வைத்துள்ள பாத்திரத்தின் மூடி தாளம் போடுகிறது. சாலையில் மேடும் பள்ளமும் இருந்தால் வண்டி குலுங்குவது இயல்பு. நின்ற இடத்திலேயே நிற்கும் வண்டி ஏன் நடுங்க வேண்டும்? இக்கேள்வியை நம்மில் பெரும்பாலோர் கேட்பதில்லை. எஞ்சின் என்றால் அதிரத்தான் செய்யும் என்று எண்ணி அமைந்துவிடுகிறோம். மோட்டார் வண்டி பிறந்த காலத்தில் அதனைச் செய்தவர்களுள்ளும் பலர் அவ்வாறே எண்ணினர். சட்டங்களைக் கனமாக்கினர், இருக்கைகளுக்குத் தடித்த மெத்தை இட்டனர், அதிர்ச்சி மட்டும் போகவில்லை. அது எங்கிருந்து பிறக்கிறது என்று ஆராய்ந்து, பிறக்கும் இடத்திலேயே அதனை அடக்க முற்பட்ட பெரியார் ஒருவர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவரே பிரெடரிக் வில்லியம் லாஞ்செஸ்டர் ஆவார்.

அவர் 1868-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 23-ஆம் நாள் இலண்டன் மாநகரின் ஒரு பகுதியாகிய லூயிஷத்தில் பிறந்தார். தந்தையார் ஹென்றி ஜோன்ஸ் லாஞ்செஸ்டர் கட்டடக் கலை வல்லுநர். பிள்ளைகள் எண்மருள் பிரெடரிக் நான்காமவர். அவர் கைக்குழந்தையாய் இருந்தபோதே குடும்பம் பிரைட்டன் என்னும் கடற்கரை நகரின் பக்கம் குடியேறியது. தமையனார் ஹென்றி வாகன், தந்தையாரின் தொழிலையே மேற்கொண்டு புகழ் பெற்றார். சோத்பூரில் உள்ள உமைத் பவன் அரண்மனை அவர் வகுத்த அமைப்பின்படி எழுந்தது. நம் சென்னை நகரின் அமைப்பைப் பற்றி ஆராய்ந்து 1918-ஆம் ஆண்டில் நூல் ஒன்று வெளியிட்டவரும் அவரே. தம்பியருள் ஜார்ஜ், பிராங்கு ஆகிய இருவரும் பின்னாளில் பிரெடரிக்கின் தொழிலுக்குத் தோள் கொடுத்தனர்.

பள்ளிப் பருவத்தில் பிரெடரிக் சிறந்து விளங்கினார் என்று சொல்வதற்கில்லை. பின்னர்ச் சௌதாம்ப்டன் நகரில் இருந்த ஹார்ட்லி கல்வி நிலையத்தில் பயின்றபோதுதான் அவருடைய அறிவு மலர்ந்தது. அங்கிருந்து உதவித் தொகை பெற்று, இலண்டனில் கென்சிங்டன் அறிவியற் பள்ளியில் சேர்ந்தார். அங்கே பொறியியல் போதிய அளவு கற்பிக்கப்படவில்லை. ஆதலால் பின்ஸ்பரி தொழில்நுட்பப் பள்ளியின் மாலை வகுப்புகளுக்கும் சென்று வந்தார். எனினும், பட்டம் எதுவும் பெறாமலே கல்வியை முடித்துக்கொண்டார். காப்புரிமை வேண்டுவோருக்குப் பொறிகளின் படம் வரைந்து கொடுக்கும் பணியே அவருக்கு முதலில் கிட்டியது. பிறர் கண்டுபிடித்தவற்றைக் கோடு கோடாக வரைந்த அந்நாள்களில், ஒரு கண்டுபிடிப்பின் உரிமை எவ்வளவு மதிப்புடையது என்பதை அவர் நன்கு உணர்ந்திருக்க வேண்டும். அவ்வுணர்ச்சி விரைவிலேயே பயன்பட்டது.

1889-ஆம் ஆண்டில் பர்மிங்காம் நகரின் சால்ட்லி பகுதியில் இருந்த பார்வர்டு வாயு எஞ்சின் தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்தது. வாரச் சம்பளம் ஒரே பவுன். அவர் கையொப்பம் இடவேண்டிய ஒப்பந்தத்தில், பணிக்காலத்தில் அவர் செய்யும் புதுமைகள் யாவும் தொழிற்சாலைக்கே உரியவை என்று ஒரு விதி இருந்தது. வேலை தேடி வந்த இருபது வயது இளைஞர் அவ்விதியைப் பேனாவால் அடித்துவிட்டுக் கையொப்பம் இட்டார்! நிர்வாகிகளும் அதற்கு இசைந்தனர். சில காலத்திற்குள், எஞ்சினின் வேகம் மிகாமலும் குறையாமலும் காக்கும் ஊசற்கருவி ஒன்றை அவர் அமைத்தார். எஞ்சினில் பொருத்தப்படும் ஒவ்வொரு கருவிக்கும் பத்து ஷில்லிங் அவருக்குக் கிடைத்தது. பின்னர், பெரிய வாயு எஞ்சின்களைத் தொடக்கிவிடும் கருவி ஒன்றைக் கண்டு, அதன் உரிமையைக் கிராஸ்லி நிறுவனத்தாருக்கு 3,000 பவுனுக்கு விற்றார். அப்பணத்தை அவர் ஆராய்ச்சியிலேயே செலவிட்டார். தொழிற்சாலையை அடுத்துச் சிறு பட்டறை ஒன்று தோன்றியது. ஒரு புறம் பறக்கும் பொறிகளின் சிறு உருவங்கள், மற்றொரு புறம் வேகமாக ஓடும் பெட்ரோல் எஞ்சின் என்று இரு துறைகளிலும் ஒருங்கே அவர் உழைத்தார்.

எஞ்சின் ஏன் அதிர்கிறது என்பதை இங்கே சிறிது விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். அதனை அறியாதவர்க்கு லாஞ்செஸ்டரின் அருமை விளங்காது.

கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தலைக்கு மேலே சுழற்றினால், அக்கல் நம் கையை வெளிப்புறமாக இழுப்பதை உணர்கிறோம். ஒரு சக்கரத்தின் விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் எடை மிகுந்திருந்தால், அதுவும் அவ்வாறே அச்சை இழுக்கும். சக்கரம் சுழலச் சுழல இழுப்பின் திசையும் சுழலும். அதற்கு மாற்று எளியது. நேர் எதிர்ப்புறத்தில் அதற்கு ஈடான எடையை வைத்துவிட்டால் இரண்டு இழுப்புகளும் ஒன்றையொன்று அழித்துவிடும். சுழலும் பொருளுக்கு இம்முறை போதும். ஆனால், எஞ்சினில் சுழலும் பொருளோடு, முன்னும் பின்னும் ஓடும் பொருளும் இருக்கிறது. சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. இணைப்புத் தண்டு அதனைக் கிராங்கோடு பிணைக்கிறது. அதன் வழியாகவே பிஸ்டனின் நேர் ஓட்டம் சுழற்சியாக மாறுகிறது. பிஸ்டன் உச்சிக்கு ஓடி, அங்கே ஒரு கணம் நின்று, திரும்பி அடிக்கு ஓடுகிறது. ஓடுகிறவனை வலிந்து நிறுத்தினால், நிறுத்துகிறவனையும் அவன் சற்றுத் தள்ளிவிடுவான் அன்றோ? அதுபோலவே உச்சியில் பிஸ்டன் எஞ்சினை மேலே தூக்குகிறது. அடியில் கீழே அழுத்துகிறது. எஞ்சின் வேகம் இருமடங்கானால் இவ்விசை நான்கு மடங்காகும்.

கிராங்கின் எதிர்ப்புறத்தில் எடை வைத்து இதனை ஈடு செய்யலாமே என்று தோன்றும். பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது எடை அடியில் இருக்கும். அப்போது விசைகள் ஈடாகிவிடும். ஆனால், கிராங்கு கால் சுற்றுச் சுற்றியதும் எடை பக்கவாட்டில் நிற்கிறது. பக்கவாட்டில் அதனை எதிர்க்கப் பிஸ்டன் இல்லை. ஆதலால், மேலும் கீழும் இருந்த அதிர்ச்சி இடமும் வலமுமாக மாறுகிறதே அன்றி ஒழிவதில்லை. பாதி அளவு எடை வைத்துப் பாதியை அங்கும் பாதியை இங்குமாகப் பங்கிட்டுக்கொள்வதே பலர் கண்ட வழி. நீராவி இரயில் எஞ்சின்களிலும் இத்தொல்லை உண்டு. பிஸ்டன்களை ஈடு செய்யச் சக்கரங்களில் வைத்த எடைகள், வேகம் மிகுந்தபோது தண்டவாளத்தைச் சுத்தியலால் அடிப்பதுபோல அடித்தன. பாலங்களைக் கட்டியவர்கள் அவ்வடியையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருந்தது.

லாஞ்செஸ்டர் பங்கீட்டை ஏற்கவில்லை. ஒரு கிராங்குத் தண்டுக்குப் பதிலாக இரண்டு வைத்தால் என்ன என்று சிந்தித்தார். இரண்டும் எதிர் எதிர்த் திசைகளில் சுழலட்டும். ஒவ்வொன்றிலும் ஓர் எடை இருக்கட்டும். இரண்டு எடைகளும் ஒரே நேரத்தில் அடிக்கு வரும்; ஒரே நேரத்தில் உச்சிக்கு ஏறும்; அப்போது இரண்டும் கூடிப் பிஸ்டனை எதிர்க்கும். ஆனால், பக்கவாட்டில் ஒன்று இடப்புறம் செல்லும்போது மற்றொன்று வலப்புறம் செல்லும். அவ்விரு இழுப்புகளும் தமக்குள்ளேயே மடிந்துவிடும். வேண்டிய விசை நிற்க, வேண்டாத விசை ஒழிகிறது. கேட்டபின் இது எளிதாகத் தோன்றுகிறது. ஆனால், அன்று மோட்டார் வண்டி செய்தவர்கள் இவ்வழியில் சென்றிலர்.

அவர் கட்டிய முதல் மோட்டார் வண்டி 1896-ஆம் ஆண்டில் ஓடியது. அவ்வாண்டின் நவம்பர்த் திங்கள்வரை இங்கிலாந்தில் குதிரையற்ற வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து செல்ல வேண்டும் என்ற பழைய சட்டம் நடைமுறையில் இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அக்காலத்தின் நிலை புலப்படும். அவ்வண்டியில் ஒரே சிலிண்டர்தான். ஆனால், அதன் பிஸ்டனிலிருந்து இரண்டு இணைப்புத் தண்டுகள் இரண்டு கிராங்குத் தண்டுகளுக்குச் சென்றன; ஒவ்வொரு தண்டுக்கும் பிளைவீல் என்னும் பெருஞ்சக்கரம் ஒன்று உண்டு; அவை எதிர்த் திசைகளில் சுழன்றன. எஞ்சின் அமைதியாக ஓடிற்று. ஆனால், வண்டிக்கு வலிமை போதவில்லை. ஆதலால், 1897-ஆம் ஆண்டில் எதிர் எதிராகப் படுத்த இரண்டு சிலிண்டர்கள் கொண்ட எஞ்சினை அதிலேயே பொருத்தினார். இரு பிஸ்டன்களுக்கும் இரு கிராங்குத் தண்டுகளுக்கும் இடையே ஆறு இணைப்புத் தண்டுகள் இருந்தன! பார்த்தவர்கள் இது வீண் சிக்கல் என்று நினைத்திருக்கலாம். ஆனால், இவ்வமைப்பினால் மற்றொரு நன்மையும் விளைந்தது. கனத்த சக்கரம் ஒன்று திடீரென்று வேகம் கொள்ளும்போது தன்னைத் தாங்கும் சட்டத்தை எதிர்ப்புறமாகத் திருக முயலும். எதிர் எதிராகச் சுழலும் இரு சக்கரங்கள் இருந்தால் அத்திருகலும் ஒழிந்துவிடுகிறது. அவருடைய அடுத்த வண்டி 1899-ஆம் ஆண்டு ரிச்மண்டில் நடந்த கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது.

அவ்வாண்டின் இறுதியில் லாஞ்செஸ்டர் எஞ்சின் நிறுவனம் பர்மிங்காமின் ஸ்பார்க்புருக் பகுதியில் தோன்றியது. தம்பி ஜார்ஜ் தொழிற்சாலையைக் கவனித்தார். பிராங்கு விற்பனையை மேற்கொண்டார். ஒரு வண்டியின் உறுப்பைக் கழற்றி மற்றொரு வண்டியில் பொருத்தினால், அரத்தால் தேய்க்காமலே அது பொருந்த வேண்டும் என்பது பிரெடரிக்கின் கட்டளை. கைத்திறன் மிக்க வேலைக்காரர்கள் ஒவ்வோர் உறுப்பையும் தத்தம் பக்கத்து உறுப்புக்கு ஏற்பத் தேய்த்துச் சேர்க்கும் பழக்கம் இருந்த காலம் அது. தட்டு வடிவமான தடைக்கருவிக்கும் அவர் 1902-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அது உலகெங்கும் பரவப் பல பத்தாண்டுகள் ஆயின. இந்தியாவில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் ருட்யார்டு கிப்ளிங் லாஞ்செஸ்டர் வண்டியை விரும்பி வாங்கியவர்களுள் ஒருவர்.

இவ்வளவும் இருந்தும் நிறுவனம் தழைக்கவில்லை. முதலீடு தொடக்கத்திலிருந்தே போதாது. மேலும், லாஞ்செஸ்டரின் வண்டி பிற வண்டிகளைப் போலத் தோன்றவில்லை. எஞ்சின் முன்பக்கத்தில் பெட்டிக்குள் இல்லாமல், இருக்கைகளின் நடுவே தாழ்வாக இருந்தது. திருப்புவதற்குச் சக்கரத்துக்குப் பதிலாக ஒரு நெம்புகோல் இருந்தது. முன்னால் நீண்ட மூக்கு இல்லாத வண்டியை மோட்டார் என்று ஏற்கப் பலருக்கு மனம் வரவில்லை. சரியானது எதுவோ அதனை மக்கள் வந்து ஏற்கட்டும் என்பது லாஞ்செஸ்டரின் போக்கு. வளைந்து கொடுக்கும் இயல்பு அவரிடம் குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. விற்பனைக்கு வண்டி வேண்டும் என்று அவசரப்பட்ட இயக்குநர்களுக்கும், ஒவ்வொரு திருகாணியும் செம்மையாக வேண்டும் என்று நின்ற அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1904-ஆம் ஆண்டில் கையில் வேலை இருந்தும் காசில்லாமல் நிறுவனம் கடன்காரர்களின் பொறுப்பில் வீழ்ந்தது. பின்பு வேறு பெயரில் அது புத்துயிர் பெற்றது. பிரெடரிக் அதில் தொழில்நுட்ப ஆலோசகர் நிலையில் இருந்தார். 1909-ஆம் ஆண்டு முதல் டெய்ம்லர் நிறுவனத்துக்கும் அவர் ஆலோசகர் ஆனார்.

இதற்குள் நான்கு சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும் எஞ்சின் எங்கும் வழக்கத்துக்கு வந்துவிட்டது. அதில் இரண்டு பிஸ்டன்கள் மேலே ஏறும்போது மற்ற இரண்டு கீழே இறங்கும். ஒன்றின் விசையை மற்றொன்று தீர்த்துவிடும். ஆதலால், இனி அதிர்வே இல்லை என்று தோன்றும். ஆனால், எஞ்சின் வேகமாக ஓடியபோது ஒரு வேகமான நடுக்கம், ரீங்காரம் போல, வண்டி முழுவதும் பரவிற்று. ஒரு சுற்றுக்கு ஒரு தடவை அன்று. இரண்டு தடவை அது எழுந்தது. ஏன்?

கிராங்கின் ஆரம் 50 மில்லிமீட்டர் என்றும், இணைப்புத் தண்டின் நீளம் 200 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். பிஸ்டன் உச்சியிலிருந்து அடிவரை ஓடும் தொலைவு 100 மில்லிமீட்டர். கிராங்கு உச்சியிலிருந்து கால் சுற்றுச் சுற்றியதும், பிஸ்டன் சரிபாதியாகிய 50 மில்லிமீட்டர் இறங்கியிருக்கும் என்று எண்ணுவோம். அளந்து பார்த்தால் 56 மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதியாகவே இறங்கியிருக்கும். சுவரில் சார்த்திய ஏணியின் அடியை வெளியே இழுத்தால் அதன் நுனி தாழ்கிறது. அதுபோல, கிராங்கு பக்கவாட்டில் செல்லும்போது இணைப்புத் தண்டு சாய்கிறது. சாயவே பிஸ்டன் கூடுதலாகத் தாழ்கிறது. எஞ்சிய ஏறத்தாழ 44 மில்லிமீட்டரைத்தான் அடுத்த கால் சுற்றில் அது கடக்கிறது. எனவே, பிஸ்டனின் ஓட்டம் மேற்பாதியில் கடுமையாகவும் கீழ்ப்பாதியில் மென்மையாகவும் இருக்கிறது. உச்சியில் அது தரும் விசையை ஐந்து பங்கு என்றால், அடியில் தருவது மூன்று பங்கே. உச்சியில் நிற்கும் இரண்டு பிஸ்டன்கள் பத்துப் பங்கு விசையோடு எஞ்சினை மேலே தூக்க, அடியில் நிற்கும் இரண்டும் ஆறு பங்கு விசையோடுதான் கீழே இழுக்கின்றன. நான்கு பங்கு ஈடாகாமல் எஞ்சி நிற்கிறது. கால் சுற்றுக் கழிந்ததும் அந்த நான்கு பங்கு கீழ்நோக்கி மாறுகிறது. மீண்டும் கால் சுற்றில் மேல்நோக்கி மாறுகிறது. இதனால்தான் சுற்றுக்கு இரண்டு அதிர்வு உண்டாகிறது.

அந்த நான்கு பங்கு சிறிதன்று. ஒரு பிஸ்டனும் அதனோடு ஓடும் உறுப்புகளும் அரைக் கிலோ எடையுள்ளவை எனக் கொண்டு, நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் கணக்கிட்டால், ஏறத்தாழ 250 கிலோ எடைக்குச் சமமான விசை வினாடிக்கு 100 தடவை எஞ்சினை மேலும் கீழும் ஆட்டுகிறது என்று காணலாம். வேகம் 6,000 சுற்று ஆனால் அவ்விசை 1,000 கிலோ எடையை எட்டிவிடும்.

லாஞ்செஸ்டர் தம் பழைய கருத்துக்கே திரும்பினார். கிராங்குத் தண்டு ஒன்றே இருக்கட்டும். அதன் கீழே இரண்டு சிறு தண்டுகளை வைத்து, அவற்றை எதிர் எதிராகச் சுழலச் செய்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கமாக எடை இருக்கட்டும். அதிர்வு சுற்றுக்கு இரண்டாதலால் அத்தண்டுகள் கிராங்கைப்போல் இரு மடங்கு வேகத்தில் சுழலட்டும் என்று வகுத்தார். நான்கு பிஸ்டன்களின் எஞ்சிய விசை மேலே தூக்கும் கணத்தில் இரு எடைகளும் கீழே நிற்கும். அது கீழே அழுத்தும் கணத்தில் இரண்டும் மேலே நிற்கும். பக்கவாட்டு இழுப்புகளோ முன்போலவே தமக்குள் மடியும். இவ்வமைப்பையும், எஞ்சினைச் சமன் செய்யும் முறை முழுவதையும் விளக்கி, 1914-ஆம் ஆண்டில் மோட்டார்ப் பொறியாளர் கழகத்தில் அவர் ஆராய்ச்சிக் கட்டுரை வழங்கினார்.

ஆறு சிலிண்டர் எஞ்சினில் இவ்விரட்டை நடுக்கம் இல்லை. ஆனால், அங்கே வேறு ஒரு தீங்கு காத்திருந்தது. அதன் கிராங்குத் தண்டு நீளமானது. சிலிண்டர்களில் வரிசையாக எழும் வெடிப்புகள் அதனை முறுக்கி முறுக்கி விடுகின்றன. ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒரு முறுக்கு. உடனே ஒரு தளர்ச்சி. சில வேகங்களில் வெடிப்பின் தாளமும் தண்டின் இயல்பான முறுக்குத் தாளமும் ஒத்துப்போகும். ஊஞ்சலை அதன் போக்குக்கு ஏற்றவாறு தள்ளினால் வீச்சு வளர்ந்துகொண்டே போவதுபோல, முறுக்கும் வளர்ந்து, இறுதியில் எஃகுத் தண்டே முறிந்துவிடும். லாஞ்செஸ்டர் அத்தண்டின் முன்முனையில் சிறு சக்கரம் ஒன்றை வைத்தார். அதனை இறுகப் பூட்டாமல், எண்ணெய்ப் பசையுள்ள தட்டுகளின் உராய்வு ஒன்றினாலே பிணைத்தார். தண்டு சீராகச் சுழலும்போது சக்கரமும் உடன் சுழலும். தண்டு துடித்தால், சக்கரம் அத்துடிப்பைப் பின்பற்றாமல் சற்று நழுவும். அவ்வுராய்வில் துடிப்பின் ஆற்றல் வெப்பமாகிக் கரைந்துபோகும். முறுக்கு அடக்கி என்னும் அக்கருவி இன்றும் பொறியியல் நூல்களில் அவர் பெயராலேயே வழங்குகிறது.

பறக்கும் கலையில் அவர் செய்தவற்றை விரித்தால் அது தனி நூலாகும். காற்றில் இறக்கை எவ்வாறு தாங்கப்படுகிறது என்பதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை 1897-ஆம் ஆண்டில் அறிஞர் கழகங்கள் ஏற்க மறுத்தன. பத்தாண்டு கழித்து, 1907, 1908 ஆகிய ஆண்டுகளில் அதனையே விரித்து இரு நூல்களாக வெளியிட்டார். அதன் உண்மை பின்னர்ச் செர்மனியில் பிராண்டில் என்னும் பேரறிஞரின் ஆராய்ச்சியால் நிலைபெற்றது. இராயல் கழகம் 1922-ஆம் ஆண்டில் லாஞ்செஸ்டரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது.

1919-ஆம் ஆண்டில், தம் ஐம்பதாம் வயதில், டாரதியா கூப்பர் என்னும் அம்மையாரை அவர் மணந்தார். மக்கட்பேறு இல்லை. பர்மிங்காமில் மோஸ்லி பகுதியில் டயட் எண்டு என்னும் இல்லத்தை அமைத்துக்கொண்டு அங்கே வாழ்ந்தார். அவருடைய சமன் தண்டுகள் 1920-களில் வாக்ஸால் நிறுவனத்தின் பெரிய வண்டிகளில் இடம்பெற்றன. ஆனால், அவை பரவவில்லை. அக்கால எஞ்சின்கள் மெல்லச் சுழன்றமையால் நடுக்கம் பொறுக்கக்கூடியதாக இருந்தது. நடுக்கத்தைச் சட்டத்துக்குச் செல்லாமல் தடுக்க எஞ்சினை இரப்பர் அணைகளின்மேல் ஏற்றி வைக்கும் முறையும் பின்னர் வந்தது. அது மலிவானது. காரணத்தை நீக்க முடியாதபோது, அல்லது நீக்கச் செலவாகும்போது, விளைவை மட்டும் மறைத்துக்கொள்வது தொழில் உலகில் புதிதன்று.

நூற்றுக்கு மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்ற அவரிடம் பணம் சேரவில்லை. முதுமையில் அவர் தம் சொந்த ஆய்வுக் கூடத்தில் ஒலிபெருக்கிகளைச் செய்து விற்று வந்தார். 1934-ஆம் ஆண்டில் உடல்நலம் குன்றியதால் அதனையும் மூட நேர்ந்தது. அவரைப் பற்றியது பார்க்கின்சன் நோய். கையும் உடலும் தாமே நடுங்கும் நோய் அது. எந்திரங்களின் நடுக்கத்தை எண்ணால் அளந்து அடக்கியவரின் கை, எழுதுகோலைப் பிடிக்கும்போது நடுங்கிற்று. கண்பார்வையும் மங்கியது. நண்பர்களும் தொழில்துறையினரும் உதவியமையாலேயே அவர் தம் இல்லத்தில் தொடர்ந்து வாழ முடிந்தது. எந்திரவியற் பொறியாளர் கழகம் 1945-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாட் பன்னாட்டுப் பதக்கத்தை அவருக்கு வழங்கியது. 1946-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 8-ஆம் நாள் அவ்வில்லத்திலேயே அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 77.

அவர் மறைந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழிந்தபின், சப்பானிய நாட்டு மித்சுபிசி நிறுவனம் 1975-ஆம் ஆண்டில் தன் நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு சமன் தண்டுகளைப் பொருத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. எஞ்சின்கள் வேகமாகச் சுழலத் தொடங்கிவிட்டமையால் இரப்பர் அணைகள் மட்டும் போதவில்லை. லாஞ்செஸ்டரின் காப்புரிமைக் காலம் முடிந்து நெடுநாள் ஆகியிருந்தது. மித்சுபிசியின் பொறியாளர் அவர் முறையில் ஒரு திருத்தமும் செய்தனர்: இரு தண்டுகளையும் ஒரே மட்டத்தில் வைக்காமல் ஒன்றை உயர்த்தியும் ஒன்றைத் தாழ்த்தியும் வைத்து, எஞ்சின் பக்கவாட்டில் உருள முயல்வதையும் குறைத்தனர். அத்திருத்தத்தின் உரிமையைச் செர்மனியின் போர்ஷே நிறுவனம் தன் 944 என்னும் வண்டிக்காக விலை கொடுத்துப் பெற்றது. இன்று பெரிய நான்கு சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் கிராங்குத் தண்டின் அருகே எண்ணெயில் நனைந்தபடி அவ்விரு தண்டுகளும், அது ஒருமுறை சுற்றுவதற்குள் இருமுறை, எதிர் எதிராகச் சுழன்றுகொண்டிருக்கின்றன.